நிக்கத் தெரியணும் அண்ணாச்சி

என் மகளுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்கு முதலில் இருமல் வரும். கம்ப்யூட்டர் என்றால் ஜனங்களுக்குப் புரியும். பேங்க் என்றாலும் புரியும். நர்ஸ் என்றால் எங்கள் குமரி மாவட்டத்தில் 'எந்த நாட்டிலே?' என்பது மட்டும்தான் அடுத்த கேள்வி. இவளுக்கோ, வெவ்வேறு மாநிலத்தில் பிறந்து, வெவ்வேறு பாஷை பேசி, வெவ்வேறு சாமி கும்பிடுகிற ஆட்களை ஒரே ஆபீசில் உட்கார்த்தி, அவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் வேலை பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொள்வதுதான் வேலை. அதற்கு மாதாமாதம் சம்பளம் வேறு. நான் முப்பத்து சொச்சம் வருஷம் சர்க்கார் பைல் கட்டி ஓய்வு பெற்றபோது வாங்கியதைவிட அது கூடுதல் என்பதைப் பெருமையோடும் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடும் தெரிவித்துக்கொள்கிறேன்.

"அப்பா, பலதரப்பட்ட ஆளுங்க சேர்ந்து வேலை செய்தா கம்பெனிக்கு நல்லது. 2020-ல மெக்கின்சின்னு ஒரு ஆலோசனைக் கம்பெனி கணக்கெடுத்துச் சொல்லியிருக்கு. தலைமைப் பதவியில பல இனத்து ஆளுங்க அதிகமா இருக்கிற கம்பெனிகள் குறைவா இருக்கிற கம்பெனிகளைவிட லாபத்தில முந்துற வாய்ப்பு 36 சதவீதம் அதிகம்" என்றாள் ஒருநாள் போனில்.

நான் விடவில்லை. 2024-ல் இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் அதே மாதிரி கணக்கை அங்கத்திய பெரிய கம்பெனிகளை வைத்துப் போட்டுப் பார்த்து, அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று எழுதியதாக எங்கேயோ படித்திருந்தேன். எடுத்து விட்டேன். மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் ஊர் கொட்டாரத்தில் சிக்னல் போயிருந்தது.

எது எப்படியோ, லாபம் வருகிறதா இல்லையா என்பதை ஒரு கை பார்க்கும் பாக்கியம் எனக்கே வாய்த்தது. வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்தேன்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகிப் புயல் அடித்தபோது பின்பக்கத்து ஓடுகளில் பாதி, அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் போய் விழுந்தது. வாழையெல்லாம் அதற்கு முன்பே படுத்துவிட்டதால் அவர் நஷ்டஈடு கேட்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் தார்ப்பாய் மாற்றுவது என் வேலை, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று படுக்கையில் படுத்தபடியே அறிவிப்பது என் மனைவியின் வேலை. ஒருநாள் அவள் அறிவிப்பதை நிறுத்திவிட்டாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். மறுநாளே கொத்தனாரைப் பார்க்கப் போனேன்.

கொத்தனார் மயிலாடிக்காரர். கல்லில் சாமி செதுக்குகிற ஊர் அது. இவர் சிஎஸ்ஐ. சொந்தக்காரர் பாதிப் பேருக்குப் பிள்ளையார் செதுக்குவதுதான் பிழைப்பு. ஆசாரி பாறசாலைப் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால் அவர் பேசுவது மலையாளம். ஆனால் எங்களிடம் தமிழ்தான் பேசுகிறோம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பெயிண்டர் சாமிதோப்பு, நெற்றியில் நாமம் இல்லாமல் பிரஷைத் தொடமாட்டார். பிளம்பர் தக்கலை பாய். தரை ஓடு பதிக்க மேற்கு வங்காளம் முர்ஷிதாபாத்திலிருந்து ஒரு தம்பி. இவர்கள் அத்தனை பேருக்கும் கையாளாக அஸ்ஸாமிலிருந்து ஒரு பையன். மேற்பார்வை, அடியேன்.

மேற்பார்வைக்கு எனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இந்திப் பிரசார சபையின் பிராத்மிக் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவன். காந்தி 1918-ல் தொடங்கிய சபை. சர்டிபிகேட் இன்னும் பீரோவில் இருக்கிறது. வடக்கே இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் வீட்டில் அறிவித்தேன்: "பாஷைப் பிரச்சினையை என்கிட்ட விட்டுருங்க."

முதல் நாள் அஸ்ஸாம் பையன் வந்து நின்றான். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு யோசித்தேன். எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் 'இது பேனா', 'அது மேசை', 'ராமன் பள்ளிக்கூடம் போகிறான்' ஆகிய மூன்று வாக்கியங்கள். வீட்டு முற்றத்தில் பேனா கிடையாது, மேசை கிடையாது, ராமனும் கிடையாது. இருந்தது ஒரு லோடு எம்சாண்டு. நான் பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே பையன் சொன்னான்: "பாட்டா, சாந்து எங்க கொழைக்கணும்?"

கொழைக்கணும்! எங்கள் ஊர்ப் பேச்சு, எங்கள் ஊர் இழுவை. பாட்டா என்றதுதான் கொஞ்சம் குத்தியது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியைப் பார்த்து அதே வாயால் "அக்கா" என்றான். எனக்கும் அவளுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

அவன் தமிழ் படித்தது கொத்தனாரிடம். கொத்தனார் இந்தி படித்தது தம்மாமில். சவூதியில் எட்டு வருஷம் அவருக்குக் கேம்ப் வாழ்க்கை. ஒரே அறையில் பீகார்க்காரன், பாகிஸ்தான்காரன், நேபாளி. சமையல் முறைவைத்து. உப்புக் குறைந்தால் சண்டை போட ஒரு பாஷை வேண்டுமல்லவா? அப்படிப் படித்தது. வங்காளத்துத் தம்பியும் அவரும் நின்று பேசுவதைக் கேட்டால் இந்தி, அரபி, மயிலாடித் தமிழ் மூன்றும் கலந்து ஓடும். நான் கையில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு சென்டிமீட்டரில் ஏதாவது சொல்வேன். இருவரும் மரியாதையாகக் கேட்பார்கள். பிறகு கொத்தனார், "ரெண்டு நூல் கிழக்க தள்ளு" என்பார். தம்பி கால் அங்குலம் தள்ளுவான். ஆசாரி ஜன்னல் அளவைக் கோலிலும் அங்குலத்திலும் சொல்வார். அவர் கணக்கில் ஒரு கோலுக்கு 24 அங்குலம், அதாவது 72 சென்டிமீட்டர். பிளான் போட்ட இன்ஜினீயர் மீட்டரில் சொல்வார். இத்தனை அளவிலும் ஜன்னல் கச்சிதமாகச் சட்டத்தில் உட்கார்ந்தது. அந்த வீட்டில் அளவு தப்பியது ஒன்றே ஒன்றுதான். நானே கடைக்குப் போய் அளந்து வாங்கிய பாத்ரூம் கதவு.

அஸ்ஸாம் பையன் இங்கே வந்த கதை தனி. 2011-லிருந்து ஓடுகிற விவேக் எக்ஸ்பிரஸ் தெரியுமல்லவா? திப்ருகரில் ஏறினால் கன்னியாகுமரியில் இறக்கிவிடும். 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளைக்கு மேல். நம் நாட்டிலேயே நீளமான ரயில் பயணம். "ஏம்ப்பா, இவ்வளவு தூரமா? வேலைதானே, கேரளாவிலேயே கிடைக்குமே?" என்று கேட்டேன், நாடு பிழைப்பு தேடி அலைவதைப் பற்றி மனதுக்குள் ஒரு உருக்கமான முன்னுரையைத் தயார் செய்துகொண்டே.

"எர்ணாகுளத்துல எறங்கணும் பாட்டா. ஒறங்கிட்டேன். முழிச்சா ரயில் நிக்கி. மேல கடலு."

அன்றைக்கு இறங்கியவன்தான். கன்னியாகுமரியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவி, மணக்குடியில் மீன் ஐஸில் போட்டு, கடைசியில் கொத்தனார் கையில் அகப்பட்டிருக்கிறான்.

கம்பெனிகளில் இந்தப் பலதரப்பட்ட ஆட்களை ஒற்றுமையாக வைக்கப் பயிற்சி வகுப்பு எல்லாம் நடத்துகிறார்களாம். என் மகள் ஒருமுறை அதற்காகவே பஞ்சு மெத்தை போட்ட ஓட்டலில் இரண்டு நாள் தங்கினாள். என் மனைவி அதே வேலையைச் சாளை மீன் வாங்கிச் செய்தாள்.

அதாவது, வங்காளத்துத் தம்பிக்குக் கடல் மீன் என்றாலே இளக்காரம். மீன் என்றால் ஆற்று மீன், குளத்து மீன் என்பது அவன் கட்சி. எங்கள் ஆட்களோ குளத்து மீனைச் சேற்று நாற்றம் என்று ஒதுக்குகிறவர்கள். நாஞ்சில் நாட்டில் குளத்துக்குப் பஞ்சமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தூண்டிலோடு போய் ஒரு கூடை கெண்டை பிடித்துக்கொண்டு வந்தான். கடுகை அரைத்து, கடுகெண்ணெயில் ஒரு குழம்பு வைத்தான். தெருவே மூக்கைப் பிடித்தது. என் மனைவி அடுப்படியில் நின்று பார்த்தாள், ஒரு கரண்டி ருசி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை சாளையை அதே கடுகு அரைப்பில், நம் தேங்காயெண்ணெயில் வைத்தாள். தம்பி கடல் மீனை மன்னித்தான். கொத்தனார் கடுகை மன்னித்தார். ஆசாரி, "கொள்ளாம்" என்றார். ஆசாரி ஒரு சமையலைக் கொள்ளாம் என்றால் பத்மஸ்ரீ கொடுத்ததற்குச் சமம். வறுத்தரைத்த தேங்காயும் குடம்புளியும் போட்ட மீன்குழம்பை இத்தனை வருஷமாகச் சாப்பிட்ட ஒரு மனிதர் அந்த வீட்டில் இருந்தாரே, அவர் அபிப்பிராயம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. புதன்கிழமை இப்போதும் கடுகுதான்.

டீ விஷயத்தில் தகராறே வரவில்லை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் எல்லோருக்கும் பாலில்லாத கட்டன் சாயா. அஸ்ஸாமில் தேயிலைக் காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவனும் அதைத்தான் குடிக்கிறான், பாறசாலைக்காரரும் அதைத்தான் குடிக்கிறார். பாலும் சீனியும் தூக்கலாக வேண்டும் என்கிற ஒரே ஆள் நான். "உங்க ஒருத்தருக்காவத் தனியா பால் காச்சணுமாக்கும்?" என்ற கேள்விக்குப் பிறகு நானும் கட்டனுக்கு மாறிவிட்டேன். சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். அந்தப் பெருமையும் எனக்கு இல்லை.

இனி, லாபக் கணக்குக்கு வருகிறேன். மொட்டைமாடித் தளத்துக்கு வாட்டம் பார்க்க வேண்டிய நாள். மழைத் தண்ணீர் வழிந்தோடத் தளத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது. ஒரு பத்திரிகையில் அழகான வீட்டுப் படம் பார்த்திருந்தேன். முன்வாசலில் தண்ணீர் திரையாக விழும், வருகிறவர்கள் நின்று ரசிப்பார்கள். "வாட்டம் முன்பக்கம்" என்று தீர்ப்புச் சொல்லி, முன்பக்கத்துக்கு என்று ஒரு பெரிய குழாயும் வாங்கி வைத்திருந்தேன்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. நான்கு பேரும் மாடியில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஆசாரி மேற்கே கையைக் காட்டி, இடவப்பாதி மழை இப்படி வந்து அடிக்கும் என்றார். கொத்தனார் கிழக்கே காட்டி, ஐப்பசி மழை இப்படி அடிக்கும் என்றார். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஒன்றை வைத்து மட்டும் வீடு கட்டினால் இன்னொன்று வந்து குடியிருக்கும். வங்காளத்துத் தம்பி ஒன்றும் சொல்லாமல் ரசமட்டத்தை வைத்து, தளத்தில் அங்கங்கே சாந்துப் பொட்டு வைத்துக்கொண்டே போனான். அஸ்ஸாம் பையன் கீழே போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தான். நான் சொன்ன இடத்தில் நின்று, நான் சொன்ன சாய்வுக்கு ஒரு பலகையை வைத்துக் காட்டி, மெதுவாக ஊற்றினான்.

தண்ணீர் கொஞ்ச தூரம் முன்பக்கம் போனது. அங்கே படிக்கட்டுக் கட்டிடத்தின் மூலையில் மோதி, யோசித்து, திரும்பி, நேராக மாடிப்படி வழியாகக் கீழே இறங்கி, சிட்டவுட்டில் கிடந்த என் சாய்வு நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

"பாட்டா, எங்க ஊர்ல தண்ணி வீட்டுக்குள்ள வந்தா, போறதுக்கு ரெண்டு வழி வைப்போம்" என்றான் பையன். பிரம்மபுத்திரா வருஷம் தவறாமல் எட்டிப் பார்க்கிற ஊரில் பிறந்தவன். ஒரு குழாய் என்றால் ஒரு பலா இலை போதும் அடைக்க. இரண்டு வேண்டும், எதிரெதிர் மூலையில் வேண்டும் என்றான். வாட்டம் பின்பக்கமாகத் திரும்பியது. குழாய் இரண்டானது. இன்ஜினீயர் பிளானில் ஒன்றுதான் இருந்தது. அவர் வந்து பார்த்து, தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். அந்த ஐப்பசியில் கொட்டிய மழைக்கு மாடியில் ஒரு கை தண்ணீர்கூட நிற்கவில்லை. ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேரை வைத்திருந்தால் ஒரே மழையைத்தான் தெரிந்திருக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். நான் வாங்கிய பெரிய குழாய் கொல்லையில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் மதில் ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்தி, "வடக்கத்தி ஆளுகளை வீட்டுக்குள்ள விடுதீரே, ஆதார் எல்லாம் வாங்கி வச்சீரா? காலம் சரியில்ல வேய்" என்றார். இவருடைய மகன் ஷார்ஜாவில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருக்கிறான். அங்கே எந்த மதிலோரம் நின்று எவன் இவனைப் பற்றி இதே குரலில் பேசுகிறானோ! இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. எனக்குச் சரியான பதில் எப்போதும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வரும். என் மனைவிக்கு அந்தத் தொல்லை இல்லை. கொல்லையிலிருந்தே கேட்டுவிட்டாள்: "ஒங்க மகன்கிட்ட அங்க என்னெல்லாம் வாங்கி வச்சிருக்காவ அண்ணாச்சி?" பாஸ்போர்ட்டையே வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

அவருக்கும் எனக்கும் வேறொரு பழைய வழக்கு இருந்தது. எல்லையில் நிற்கிற வரிக்கைப் பலா. அது எங்களுடையது என்பது என் அப்பா காலத்து நிலைப்பாடு. பழம் அவர் பக்கம் விழுந்தால் நானும், என் பக்கம் விழுந்தால் அவரும் பேச்சை நிறுத்துவோம். மூலப்பத்திரம் என் கையில் இருந்தது, ஆனால் அது மலையாளத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை நாங்கள் திருவிதாங்கூர், பிறகு திருக்கொச்சி. சர்க்கார் எழுத்தெல்லாம் மலையாளம். இங்கே பழைய வீடுகளில் பெட்டியைத் திறந்தால், வீட்டுக்காரனுக்கே படிக்கத் தெரியாத பத்திரம் ஒன்று இருக்கும். பேங்க் லோனுக்காக அதை வெளியே எடுத்தபோது ஆசாரி பக்கத்தில் நின்றார்.

"ஞான் வாயிக்காம் சாரே" என்றார். என் மதிப்பை உயர்த்திக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கொத்தனார், தம்பி, பையன், பாய் எல்லோரும் கட்டன் சாயாவோடு சுற்றி நின்றார்கள். ஆசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொல்லம் ஆண்டிலிருந்து ஆரம்பித்து, ராகத்தோடு படித்தார். வடக்கெல்லை, தெற்கெல்லை, கிணறு, தென்னை எத்தனை மூடு, புளி எத்தனை மூடு. பிறகு கிழக்கெல்லை வந்தது. ஆசாரி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பருவத்துப் பலாப்பழம் முழுவதையும் பக்கத்து வீட்டுக்காரர் வேலையாட்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தார். முதல் பழம் ஆசாரிக்கு. இரண்டாவது அவர் ஆதார் கேட்ட அதே வங்காளத்துத் தம்பிக்கு. எனக்குக் கொட்டை வந்தது. அவியலில் போட்டோம்.

இவ்வளவு நடந்த பிறகு எனக்குக் கொஞ்சம் கௌரவம் தேவைப்பட்டது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வட்டக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். கடலோரத்தில் கருங்கல் கோட்டை. உள்ளே குளம், மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. அங்கே நின்று சரித்திரம் சொன்னேன். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்டவர்மா மகாராஜா டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். ராஜா அவர் தலையை எடுக்கவில்லை, வேலைக்கு எடுத்தார். நேற்று எதிரே நின்று சுட்டவரை இன்றைக்கு நம் பட்டாளத்துக்குச் சுடச் சொல்லிக்கொடு என்றார். டிலனாய் 1777-ல் சாகும்வரை இங்கேயேதான். பட்டாளத்தைப் பழக்கி, கோட்டைகளை எழுப்பி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு. இந்த வட்டக்கோட்டையும் அவர் பார்வையில் எழுந்ததுதான். இதோ பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் நிற்கிறது, அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஆகவே இந்த மண்ணில்...

திரும்பிப் பார்த்தால் பையன் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தம்பி மட்டும் சுவர் ஓரமாகக் குந்தி, இரண்டு கல் சேருமிடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தான். நகம் உள்ளே போகவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவரும் நகத்தை விட்டுப் பார்த்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். என் பிரசங்கத்துக்குக் கிடைக்காத தலையாட்டல்.

"இதைக் கட்டினது அந்த டிலனாய்தான்" என்றேன் மறுபடியும்.

"அவரு எங்க கட்டினாரு அண்ணாச்சி? கட்டினது நம்ம கல்தச்சனாக்கும். அவரு நின்னாரு" என்றார் கொத்தனார். பிறகு என்னை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். "ஆனா நிக்கத் தெரிஞ்சிருக்கு."

அதற்குப் பிறகு நான் மேற்பார்வையைக் குறைத்துக்கொண்டேன்.

பலதரப்பட்ட ஆட்களை வேலைக்கு வைப்பதால் உள்ள நன்மைகளை இதுவரை சொன்னேன். காலண்டரைப் பற்றியும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் அல்ல. நாங்கள் ஆவணியில் வேலை தொடங்கினோம். தொடங்கினதும் ஓணம், ஆசாரி ஊருக்குப் போய்விட்டார். செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை. வங்காளத்துத் தம்பி ரசமட்டத்துக்கும் கரண்டிக்கும் குங்குமம் வைத்துவிட்டு, இன்றைக்குத் தொடக்கூடாது என்றான். சரி, அதோடு ஆயுதங்களுக்கு ஓய்வு முடிந்தது என்று நினைத்தால், சரஸ்வதி பூஜையன்று ஆசாரி தன் உளிக்கும் ரம்பத்துக்கும் பொட்டு வைத்தார். அதே வாரத்தில் துர்கா பூஜை. நவம்பர் 1 குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா. கொத்தனார் சிஎஸ்ஐதானே, அது கத்தோலிக்கர் கோயிலாயிற்றே என்று கேட்டுப் பார்த்தேன். "சவேரியாருக்கு எல்லாரும் போவாவ அண்ணாச்சி" என்றார். உண்மைதான். பெயிண்டரும் போயிருந்தார், பாயும் போயிருந்தார். அப்புறம் கிறிஸ்துமஸ். அது முடிந்தால் மார்கழியில் சுசீந்திரம் தேர். அதற்கு நானே போய்விட்டேன். தக்கலையில் பீர்முகமது அப்பா ஆண்டுவிழா, ஞானப்புகழ்ச்சி பாட்டு. பாய் இரண்டு நாள் இல்லை. ஒருவருக்கு விசேஷம் என்றால் மற்றவர்கள் வேலை செய்வார்கள் என்றுதானே நீங்கள் நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒற்றுமை வந்துவிட்டதே! ஓணத்துக்கு ஆசாரி வீட்டுப் பாயசம் எல்லோருக்கும், நோன்புக் கஞ்சி எல்லோருக்கும், கிறிஸ்துமஸ் கேக் எல்லோருக்கும். சிவராத்திரிக்கு ஆசாரியின் மருமகன் சிவாலய ஓட்டம் போகிறான் என்று வங்காளத்துத் தம்பியும் காவித்துண்டு கட்டி, 'கோவிந்தா கோபாலா' என்று சொல்லிக்கொண்டு, திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயிலும் ஓடிவிட்டு, உள்ளங்கால் கொப்புளத்தோடு வந்து சேர்ந்தான். குந்தி உட்கார்ந்து தரை ஓடு பதிக்க வேண்டியவன் ஒரு வாரம் மல்லாந்து படுத்திருந்தான். அவனுக்கு ரசம் வைத்துக் கொடுத்தது என் மனைவி. கொண்டுபோய்க் கொடுத்தது மேற்பார்வையாளர்.

மகளிடம் கணக்குக் கேட்டேன். உங்கள் மெக்கின்சி 36 சதவீதம் என்று சொன்னானே, அதில் இந்த லீவுகளைக் கழித்தானா? அவள் சிரித்துவிட்டு, பால்காய்ப்புக்கு எத்தனை பேர் அப்பா என்று கேட்டாள். சொந்தக்காரரை எண்ணியதைவிட வேலையாட்களையும் அவர்கள் வீட்டாரையும் எண்ணியதுதான் கூடுதலாக வந்தது. பந்தியில் பருப்பு, அவியல், எரிசேரி, அடைப்பிரதமன். சைவம்தான். கடைசி வரிசையில் மட்டும் யாரோ கடுகுக் குழம்பு கேட்டார்களாம்.

நீங்களும் இந்தப் பக்கம் வீடு கட்டுவதாக இருந்தால் ஆட்களை எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் தைரியமாக எடுங்கள், எத்தனை ஊர் கலந்தாலும் நல்லதுதான். மாசி மாதத்தில் மட்டும் தரை வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். சிவராத்திரி, மாசி 20 சாமிதோப்பு அய்யா அவதார தினம், மண்டைக்காட்டுக் கொடை எல்லாம் அந்த ஒரு மாதத்தை ஒட்டித்தான் வரும். இப்போது சில வருஷமாக ரம்ஜான் நோன்பும் அதே பக்கம்தான்.